எமது இணையத்தளமும் அதன் திறப்பும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)





மன்றத்துக்குப் புதியதோர் இணையத்தளம் அமைத்தல் வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்திலே ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆனால், அதனை எந்த முறைமையைக் கொண்டு அமைப்பது என்ற கேள்வி எழுந்தவுடனே அந்த ஏகமனது எங்கேயோ போய்விட்டது. ஒருவர் வேர்ட்பிரஸ் என்றார். மற்றொருவர் ட்ரூபல் என்றார். முகநூல் இருக்கத் தளம் எதற்கு என்றார் இன்னொருவர். அவ்வேளையில் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, இவையெல்லாம் என்னவென்று முதலில் எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கோ; பிறகு கையைத் தூக்கச் சொல்லுங்கோ" என்றார். அவர் கூறியது முற்றிலும் நியாயம். அதன் பொருட்டே இன்று இவ்விடயத்தைப் பேச முன்வந்தோம்.

புதியதைப் பேசுமுன் பழையதை நினைத்துப் பார்த்தல் நன்று. எமது மன்றத்துக்கு முன்னரும் ஒரு தளம் இருந்தது. 2007ஆம் ஆண்டிலே, எம்மிடையே இருந்த கெட்டிக்கார இளைஞர் ஒருவர், எவருடைய உதவியும் இன்றி இரவிரவாக விழித்திருந்து அதனை ஆக்கித் தந்தார். விழாப் படங்கள், கூட்ட அறிக்கைகள், அறிஞர்களின் சொற்பொழிவுகள் யாவும் அதிலே ஏறின. ஆனால், ஒரு சிறு அறிவித்தல் போடுவதாயினும் அவரிடமே செல்லவேண்டியிருந்தது. பின்னர் அவர் தொழிலின் நிமித்தம் கடல் கடந்து போனார். போன பின்பும் மூன்று ஆண்டுகள் அங்கிருந்தபடியே எமக்காக உழைத்தார். 2015ஆம் ஆண்டிலே தளத்தின் பெயரைப் புதுப்பிக்கவேண்டிய காலம் வந்தது. அந்நினைவூட்டல், அவர் மாணவராக இருந்தபோது வைத்திருந்து பின்னர் கைவிட்ட மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. அதனை எவரும் காணவில்லை. பெயர் காலாவதியாயிற்று, தளமும் மறைந்தது. இன்று அப்பெயரைத் தட்டினால் யாரோ ஒருவருடைய விளம்பரமே தோன்றும்.

இதிலே அந்த இளைஞர்மீது ஒரு குற்றமும் இல்லை. எல்லாப் பாரத்தையும் ஒருவருடைய தோளிலே ஏற்றிவிட்டு வாளாவிருந்தவர்கள் நாமே.

இழப்பின் அளவு எமக்கு உடனே தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் ஒருநாள், எமது மன்றத்திலே நெடுங்காலம் வகுப்பு நடத்திய ஆசிரியர் ஒருவருடைய மகள் வந்தார். ஆசிரியர் காலமாகி அப்பொழுது ஓராண்டு நிறைந்திருந்தது. அவர் எமது மேடையிலே ஆற்றிய கடைசிச் சொற்பொழிவின் பிரதி தமக்கு வேண்டும் என்று அந்த அம்மையார் கேட்டார். அது வேறெங்கும் அச்சாகவில்லை. எமது தளத்திலே மாத்திரமே இருந்தது. அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். பின்னர் அமெரிக்காவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் உலகத்து இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருப்பதை அறிந்து, அங்கே தேடினோம். சொற்பொழிவின் முதற்பக்கம் அகப்பட்டது. அதுவும் பாமினி எழுத்துருவிலே இருந்தமையால் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தோன்றியது, மாற்றித்தான் படித்தோம். "அடுத்த பக்கம்" என்று இருந்த இடத்தை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. பாதிச் சொற்பொழிவை அச்சிட்டு அம்மையாரின் கையிலே கொடுத்தோம்.

நிற்க. இனி அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1991ஆம் ஆண்டிலே ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பவர் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து உலகளாவிய வலையைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தபோது, ஒவ்வொரு பக்கத்தையும் அதற்குரிய குறிமொழியிலே கையால் எழுதவேண்டியிருந்தது. எமது முதல் தளமும் அவ்வாறு எழுதப்பட்டதே. எழுதுபவர், அச்சுக் கோப்பவர், ஒப்பு நோக்குபவர், அச்சடிப்பவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாக இருந்தால் ஆண்டுமலர் எவ்வாறு வெளிவரும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்னும் மென்பொருள். பெயர் நீளமானது, பொருள் எளியது. கட்டுரையும் அறிவித்தலும் ஒரு தரவுத்தளத்திலே இருக்கும். பக்கத்தின் தோற்றம் வேறோர் அச்சிலே இருக்கும். எழுதுபவர் தமது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே சென்று, கடிதம் எழுதுவதுபோல எழுதிவிட்டு வரலாம். பத்திராதிபர் அதனைப் பார்த்துத் திருத்தி வெளியிடலாம். குறிமொழியை அறியாதவரும் பங்குகொள்ளலாம். தோற்றத்தை மாற்றினாலும் எழுதியவை அழியமாட்டா.

இத்தகைய முறைமைகள் பல உள. அவற்றுள் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை மூன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த டிரீஸ் பொய்ட்டார்ட் மாணவராக இருந்த காலத்தில் ஆக்கி 2001ஆம் ஆண்டிலே வெளியிட்டது ட்ரூபல். மற் முல்லன்வெக், மைக் லிற்றில் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது வேர்ட்பிரஸ். 2005ஆம் ஆண்டிலே பிறந்தது ஜூம்லா. இன்று உலகத்து இணையத்தளங்களில் 40 வீதத்துக்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸ்ஸிலே இயங்குகின்றன என்று கணக்கிட்டுள்ளார்கள்.

அப்படியாயின் பலர் கொள்வதையே நாமும் கொள்ளலாமே என்று எண்ணுவீர்கள். அது ஒரு காரணந்தான். ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைத் தளம் 2009ஆம் ஆண்டிலே ட்ரூபலுக்கு மாறியது. 2017ஆம் ஆண்டிலே வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறியது. பெரிய இடத்திலேயே எட்டு ஆண்டுகளில் முறைமை மாறுமாயின், நாமும் ஒருநாள் மாறத்தான் போகிறோம். ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதிலும், எமது கைக்கு எது ஏற்றது, நாளை வெளியேற நேர்ந்தால் எமது பொருளை எது முழுதாகத் தரும் என்று கேட்பதே பொருத்தம். இதனை நான்கு பகுதிகளாகப் பார்ப்போம்.

முதலாவது, உரிமை. எமது ஊர்களிலே பங்குக் கிணறு உண்டு. பங்காளிகள் எவரும் முறைப்படி இறைக்கலாம். ஒருவர் கோபித்துக்கொண்டு கிணற்றைப் பூட்டமுடியாது. மேற்கூறிய மூன்று முறைமைகளும் அவ்வகையானவை. அவற்றின் மூல எழுத்தை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அவற்றின் பொது உரிமம் கூறுகின்றது. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாம்போ என்ற முறைமையை ஆக்கியவர்களுக்கும் அதன் நிருவாகத்துக்கும் 2005ஆம் ஆண்டிலே பிணக்கு ஏற்பட்டபோது, ஆக்கியவர்கள் மூல எழுத்துடன் வெளியேறித் தம் பணியைத் தொடர்ந்தார்கள். அதுவே ஜூம்லா. 'எல்லோரும் ஒன்றாக' என்று பொருள்படும் சுவாகிலிச் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தார்கள். வேர்ட்பிரஸ்ஸும் பி2 என்னும் பழைய மென்பொருளின் வளர்ச்சி தடைப்பட்டபோது அதனை எடுத்து வளர்த்ததனால் உண்டானதே.

இதற்கு மாறானது குடிக்கூலி வீடு. மாதந்தோறும் பணம் கட்டினால் எல்லாவற்றையும் தாமே செய்துதரும் விக்ஸ் போன்ற சேவைகள் உள. முகநூலோ பணமும் கேட்பதில்லை. அவற்றிலே வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால், வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். 1990ஆம் ஆண்டுகளிலே இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஜியோசிட்டீஸ் என்னும் சேவையிலே தமது பக்கங்களை அமைத்தார்கள். அதனை 1999ஆம் ஆண்டிலே யாஹூ வாங்கியது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே அமெரிக்காவில் மூடிவிட்டது. தொண்டர்கள் சிலர் ஓடியோடிப் படியெடுத்தவை தப்பின; ஏனையவை போயின. ஆகவே, முகநூலை எமது அறிவித்தற் பலகையாக வைத்துக்கொள்வோம், பெட்டகமாக வைத்துக்கொள்ளவேண்டாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. கிடுகு வேலியை ஒருமுறை அடைத்துவிட்டு ஆயுள் முழுவதும் சும்மா இருந்தவர் உண்டோ? ஆண்டுதோறும் கிடுகு மாற்றாவிட்டால் ஆடு மாடு புகும். மென்பொருளும் அத்தகையதே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி ட்ரூபல் முறைமையில் ஒரு பெரும் ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டு, அதை அடைக்கும் திருத்தமும் அன்றே வெளியிடப்பட்டது. இரு வாரங்களின் பின் ட்ரூபலின் பாதுகாப்புக் குழு, அறிவித்து 7 மணித்தியாலங்களுக்குள் திருத்தாத தளம் ஒவ்வொன்றிலும் கள்வர் புகுந்துவிட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தது. ஏழு மணித்தியாலம்! எமது நிருவாக சபை ஒரு கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கே ஏழு நாள் செல்லும்.

வேர்ட்பிரஸ்ஸிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால், 2013ஆம் ஆண்டு முதல் அது பாதுகாப்பு தொடர்பான சிறு திருத்தங்களைத் தானாகவே ஏற்றிக்கொள்கின்றது. கவனிப்பார் குறைந்த எம்போன்ற மன்றங்களுக்கு இது பெரும் உதவி. அங்கே ஆபத்து பெரும்பாலும் வருவது செருகிகளின் வழியாக. படம் சுழல ஒரு செருகி, பூ உதிர ஒரு செருகி, வந்தவர் தொகையைக் காட்ட ஒரு செருகி என்று இளைஞர்கள் ஆசைப்பட்டுச் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் வேலியிலே நாமே வெட்டும் ஒரு பொட்டு. ஆக்கியவர் கைவிட்ட செருகியைக் கவனிக்க எவரும் இலர். ஆதலால் இன்றியமையாத சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ். எமது பழைய தளம் பாமினியிலே இருந்து பட்ட பாட்டை மேலே சொன்னோம். இன்று ஒருங்குறி உண்டு. மூன்று முறைமைகளும் அதனை ஏற்கின்றன. ஆயினும் இரண்டு இடங்களிலே விழிப்பு வேண்டும். தரவுத்தளத்தை அமைக்கும்போது ஒருங்குறிக்குப் பதிலாக லத்தீன் எழுத்துக்கென அமைத்துவிட்டால், எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். மற்றது, பக்கத்தின் முகவரி. வேர்ட்பிரஸ் கட்டுரைத் தலைப்பையே முகவரியாக்கும். தமிழ்க் குறி ஒன்று முகவரியிலே 9 இடங்களைப் பிடிக்கும்; கொடுக்கப்பட்ட இடமோ 200. ஆகவே 22 குறிகளின் பின் தலைப்பு அறுபட்டுப் போகும். அதனைப் பிறருக்கு அனுப்பினால் சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையாகத் தோன்றும். தலைப்பு தமிழிலே இருக்கட்டும். முகவரியை மாத்திரம் ஆண்டும் எண்ணுமாகச் சுருக்கமாக நாமே கொடுத்துவிடவேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாகப் பக்கங்கள் வேண்டுமென்றால் ஜூம்லாவும் புதிய ட்ரூபலும் அந்த வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. வேர்ட்பிரஸ்ஸுக்குத் தனிச் செருகி வேண்டும். இது அதன் குறை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நான்காவது, ஆள். இதுவே எல்லாவற்றிலும் பெரிது. ட்ரூபல் ஆற்றல் மிக்கது. பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் அதனைக் கையாளுகின்றன. ஆனால் அதன் 7ஆம் பதிப்பு 2011ஆம் ஆண்டு ஜனவரியிலே வந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதியோடு ஆதரவு முடிவுற்றது. அதிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றதன்று. புது வீடு கட்டிப் பொருளைச் சுமந்து செல்வது போன்றது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்போர் அதைச் செய்வார்கள். ஆண்டுதோறும் காரியதரிசி மாறும் எமது மன்றம் என் செய்யும்?

எம் இளைஞர் சிலர் ஹியூகோ, ஜெகில் போன்ற கருவிகளைச் சொன்னார்கள். அவை பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடும். வழங்கியிலே தரவுத்தளம் இல்லை. கள்வர் புகும் வாயிலும் மிகக் குறைவு. அவர்களுடைய காரணம் வலியது என்பதை மனமார ஏற்கிறோம். ஆனால், அதிலே எழுதுவதற்குக் கணினிக் கட்டளைகள் தெரியவேண்டும். தெரிந்தவர் இன்று எம்மிடையே இருவர். அவ்விருவரும் போனபின்? மீண்டும் 2015ஆம் ஆண்டுதான்.

ஆகையால், சென்ற மாதம் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். மூன்று முறைமைகளையும் ஒரு கணினியிலே அமைத்து, காரியதரிசி, ஓர் ஆசிரியை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், முன்னே சொன்ன அந்தப் பெரியவர் ஆகிய நால்வரிடமும் கொடுத்தோம். படத்தோடு ஓர் அறிவித்தல் போடவேண்டும். அதிலே ஒரு பிழையைத் திருத்தவேண்டும். மாணவன் மூன்றிலும் செய்துவிட்டான். ஆசிரியையும் காரியதரிசியும் இரண்டிலே செய்தார்கள். பெரியவர் வேர்ட்பிரஸ்ஸிலே மட்டும், ஒரேயொரு முறை உதவி கேட்டு, செய்து முடித்தார். முடித்துவிட்டு, "இப்ப கை தூக்கலாம்" என்றார்.

ஆகவே, வேர்ட்பிரஸ் முறைமையை எமது சொந்த இடத்திலே நிறுவிக்கொள்வதே தக்கது என்பது எமது கருத்து. ஆனால், அன்பர்களே, முறைமையைத் தேர்ந்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணாதீர்கள். நாம் முன்னர் இழந்தது முறைமை நல்லதாக இல்லாமையால் அன்று; திறப்பு ஒருவருடைய சட்டைப்பையிலே இருந்தமையால். ஆதலின் இத்தேர்வோடு பின்வரும் ஒழுங்குகளையும் நிருவாக சபை ஏற்றல் வேண்டும்.

ஒன்று: தளத்தின் பெயர் என்பது காணியின் உறுதி போன்றது. அது தனியாள் எவருடைய பெயரிலும் இராமல் மன்றத்தின் பெயரிலே பதியப்படல் வேண்டும். புதுப்பிக்கும் திகதி காரியதரிசியின் குறிப்பேட்டிலும் தனாதிகாரியின் கணக்கேட்டிலும் எழுதப்படல் வேண்டும். அதற்குரிய கட்டணம் வரவுசெலவுத் திட்டத்திலே ஆண்டுதோறும் ஒதுக்கப்படல் வேண்டும்.

இரண்டு: தளத்தின் முழு அதிகாரம் எப்பொழுதும் இருவரிடம் இருத்தல் வேண்டும், ஒருவர் இளைஞர், ஒருவர் மூத்தவர். பதவி மாறும்போது முத்திரையையும் கணக்கேட்டையும் ஒப்படைப்பதுபோலக் கடவுச்சொல்லும் ஒப்படைக்கப்பட்டு மாற்றப்படல் வேண்டும். ஏனையோருக்கு எழுதும் அதிகாரம் மட்டும் போதுமானது.

மூன்று: மாதந்தோறும் காப்புப் பிரதி எடுத்தல் வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ்ஸிலே 'ஏற்றுமதி' என்பதை அழுத்தினால் எழுத்துக்கள் யாவும் ஒரு கோப்பாக வரும். ஆனால் படங்கள் வரமாட்டா, அவை இருக்கும் முகவரி மாத்திரமே வரும். ஆதலால் தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் சேர்த்தே படியெடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளிலே வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அப்பிரதியிலிருந்து தளத்தை வேறொரு கணினியிலே எழுப்பிப் பார்த்தல் வேண்டும். எழுப்பிப் பாராத பிரதி, தண்ணீர் ஊறுமோ என்று பாராத கிணறு போன்றது.

நான்கு: சொற்பொழிவும் கட்டுரையும் எமது ஆண்டுமலரிலே அச்சாகவும் வேண்டும். மலரின் மின்பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அளித்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கி ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிமப்படுத்திவரும் அந்நூலகம், விக்கிப்பீடியாவுக்கென ஆக்கப்பட்ட மீடியாவிக்கி முறைமையைத் தன் பணிக்குத் தெரிந்து கொண்டது. பல்லாயிரம் ஏடுகளைப் பலர் கூடிப் பட்டியலிடும் வேலைக்கு அது பொருத்தம். வேலைக்குத் தக்க கருவி என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள். ஒரே இடத்திலே ஒரே பிரதியாக வைத்திருப்பதன் பொருள் என்ன என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இளைஞர்களே! தளத்தை அழகாக ஆக்கும் ஆற்றல் உங்களிடம் உண்டு. அதில் எமக்கு ஐயம் இல்லை. உங்களிடம் நாம் கேட்பது அதனிலும் கடினமான ஒன்று. நீங்கள் இல்லாதபோதும் நடக்கக்கூடியதாக அதனை ஆக்கித் தாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததை இன்னும் இருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டே வெளிநாடு போங்கள். பெரியோர்களே! இது பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுங்கி நில்லாதீர்கள். உங்கள் பழைய படங்களையும் குறிப்புகளையும் கொண்டுவாருங்கள். அவற்றிலே நிற்பவர் எவர் என்பதை நீங்கள் அல்லாமல் வேறு யார் எழுதுவர்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்த ஆசிரியர் கடைசியாகப் பேசிய நாளிலே இம்மண்டபத்தில் இருந்தவர்கள் இன்றும் சிலர் இருக்கிறீர்கள். எவரிடமாவது அன்று எடுத்த குறிப்போ, கைத்தொலைபேசியிலே பதிந்த ஒலியோ இருக்குமாயின் தயைகூர்ந்து தாருங்கள். புதிய தளத்திலே முதலாவதாக ஏறவேண்டியது அந்தச் சொற்பொழிவு. எமக்குக் கிடைத்த முதற்பக்கத்தை ஏற்றிவிட்டு, மிகுதிக்கு இடம் விட்டு வைக்கப்போகிறோம்.